கறுப்புக்குள் ஒரு கதவு

முப்பத்தெட்டு விநாடி வீடியோ. இருபத்தோராவது விநாடியில் செல்லாத்தாள் விழுகிறாள்.

எடுத்தவள் கவிப்பிரியா. பனியன் கம்பெனியின் மூன்றாவது மாடியில், பேக்கிங் பிரிவில் வேலை. தோழியின் பிறந்தநாள் சுடிதாரை ஸ்டேட்டஸில் வைப்பதற்காகச் செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். தோழி வெட்கப்பட்டு ஓரமாக நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால், தோளில் பண்டலுடன் செல்லாத்தாள் சரக்கு லிஃப்டை நோக்கி நடந்தாள். லிஃப்ட் வாசலில் இடுப்பளவு இரும்புக் கதவு ஒன்று இருக்க வேண்டும். இல்லை. வாசலைத் தாண்டினால் லிஃப்டின் தட்டு இருக்க வேண்டும். அதுவும் இல்லை. பழுதாகி ஒரு மாடி கீழே நின்றிருந்தது.

வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரித்து அல்ல.

'மூடியிருந்த பாதுகாப்புக் கதவைத் தாங்களாகவே திறந்து, ஆட்கள் ஏறக் கூடாத லிஃப்டுக்குள் அத்துமீறி நுழைந்து, மேற்படி லிஃப்டுக்கு அதிர்ச்சி ஏற்படுத்தியுள்ளீர்கள். தங்களை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது?'

செல்லாத்தாள் கட்டிலில் படுத்தபடி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பதினாலு வருசமா அந்த வாசல்ல போயி வர்றேனுங்க. அங்க கதவுன்னு ஒண்ணை நான் கண்டதே இல்லை" என்றாள் கணவரிடம். "கதவைத் தொறந்துட்டு விழுந்தவன்னு பேரு வந்துதுன்னா எந்தக் கம்பெனிலீங்க சேத்துவாங்க? அதைக்கூட உடுங்க. நாளைக்கு அந்தக் கவிப்பிரியாப் புள்ளை அதே வாசல்லதான பண்டல் தூக்கோணும்? கதவு இல்லைன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. போதும்."

கணவர் குமாரசாமிக்கும் அதே கம்பெனிதான். கீழே துணி செக்கிங். விளக்கு வைத்த மிஷினில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை தெரிந்தால் நிறுத்துவார், ஸ்டிக்கர் ஒட்டுவார், மறுபடி ஓடவிடுவார். இருபது வருடமாக உலகத்தில் அவருக்குத் தெரிந்த நீதி இவ்வளவுதான். ஓட்டை என்று ஒன்று இருந்தால், அதை ஓட்டை என்று சொல்லிவிட வேண்டியது.

வீடியோவைக் கொண்டுபோய் ஹெச்.ஆர். மேனேஜர் தங்கதுரையிடம் காட்டினார்.

"அட, வீடியோ இருக்குதுங்களா! அப்பறம் எதுக்கு வெசனப்படறீங்க?" தங்கதுரை முகமெல்லாம் மலர்ந்தார். "வீடியோ பாக்கறதுக்குன்னே ஒரு கமிட்டி வெச்சிருக்கறமுங்க."

இருந்தது. 'பின்னலாடை உற்பத்தியாளர் காட்சிச் சான்று மேலாய்வுக் குழு' என்பது அதன் பெயர். ஊரடங்கு காலத்தில் உருவானது. உறுப்பினர்கள் மூன்று பேர். அவரவர் வீட்டு டிவியில் வீடியோவைப் பார்த்து அறிக்கை எழுதலாம் என்று அப்போது ஒரு சலுகை கொடுத்தார்கள். ஊரடங்கு போய்விட்டது. சோபாவை விட்டு எழ யாருக்கும் மனமில்லை. ஆகவே சலுகை, விதியாயிற்று.

விதிப் புத்தகத்தை தங்கதுரை பக்தியோடு நீட்டினார். விதி இரண்டு: காட்சிச் சான்றை ஐம்பத்தைந்து அங்குலத்துக்குக் குறைந்த திரையில் பார்த்தல் கூடாது. விதி மூன்று: பார்க்கும்போது மனுதாரர் உடனிருக்க வேண்டும், ஆனால் சோபாவில் அமரக் கூடாது. விதி நான்கு: திரையில் தெரியாதது நிகழாதது.

"செல்போன்லயே பாத்தா நல்லாத் தெரியுதுங்களே" என்றார் குமாரசாமி.

"விதி ரெண்டு" என்றார் தங்கதுரை.

*

குழுத் தலைவர் மகுடேஸ்வரன் இன்னொரு பனியன் கம்பெனியின் முதலாளி. அவர் வீட்டில் எழுபத்தைந்து அங்குல டிவி. சுவரே டிவியாக இருந்தது. டிவிக்கு மாலை போடாதது ஒன்றுதான் குறை.

"வாங்க சாமி, வாங்க. ஊட்டுக்காரிக்குக் கால் எப்படி இருக்குதுங்க? காப்பி சாப்பிடறீங்களா?" கொங்குச் சீமையின் மரியாதை முழுவதும் அந்த ஹாலில் இருந்தது. குமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

பென் டிரைவைச் செருகினார்கள். வீடியோ ஓடியது. நடுவில் ஒல்லியாக ஒரு படம். இரண்டு பக்கமும் கறுப்பு.

மகுடேஸ்வரன் தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோல் பதறி எழுந்தார். "ஏனுங்க, இதென்ன ரெண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்குது?"

"செல்போனை நிமித்திப் புடிச்சு எடுத்ததுங்க. டிவி படுத்த வாக்குல இருக்குதுங்களே, அதனால பக்கத்துல இடம் மிச்சமாயிருச்சுங்க."

"மிச்சமா? வேஸ்டேஜுன்னு சொல்லுங்க." மேஜை டிராயரிலிருந்து இன்ச் டேப் வந்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேலான அந்த முதலாளி நாற்காலியில் ஏறி, கறுப்பை அளந்தார். கால்குலேட்டரைத் தட்டினார். முகம் செத்துப்போயிற்று. "அறுவத்தெட்டு பர்சென்ட்! என்ற கட்டிங் டேபிள்ல பத்து பர்சென்ட் வேஸ்டேஜ் போச்சுன்னா மாஸ்டரை அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவனுங்க. நீங்க என்ற ஊட்டுக்குள்ளயே வந்து அறுவத்தெட்டு பர்சென்ட்டைக் கருக்கறீங்களே, நாயமுங்களா?"

ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். படம் பெருத்தது. கறுப்பு மறைந்தது. கூடவே மேலே இருந்த மின்விசிறியும், கீழே இருந்த தரையும், லிஃப்ட் வாசலும் மறைந்தன. நடுப்பகுதி மட்டும் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

இப்போது செல்லாத்தாள் வெறும் தலையும் தோளும் பண்டலுமாக இடமிருந்து வலமாகப் போனாள். இருபத்தோராவது விநாடியில் அந்தத் தலை திரையின் கீழ் விளிம்புக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று.

"உக்காந்துட்டாங்க" என்றார் மகுடேஸ்வரன்.

"விழுந்துட்டாங்க சார்."

"விழுந்தா கீழ கிடக்கோணுமல்லோ? கீழ ஆரையும் காணமே."

"அந்தக் கீழ்ப்பக்கந்தான் சார் வெட்டுப்பட்டுப் போச்சு. ஒரே ஒருக்கா அந்தப் பொத்தானை…"

"என்ற டிவி எதையும் வெட்டாதுங்க. பெருசு பண்ணிக் காட்டுது. உங்க ஊட்டுக்காரியை நான் பெருசாக் காட்டறதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

அறிக்கை எண் ஒன்று இப்படி முடிந்தது: 'மேற்படி பெண் தொழிலாளி வேலை நேரத்தில், 21ஆம் விநாடியில், உட்கார்ந்தார். தரை, லிஃப்ட், கதவு, கால் ஆகியவை திரையில் காணப்படவில்லை. கால் காணப்படாததால் கால் முறிவும் காணப்படவில்லை. வேலை நேரத்தில் உட்கார்ந்ததற்குத் தனியே விளக்கம் கேட்கலாம்.'

வாசல் வரை வந்து வழியனுப்பினார். "போயிட்டு வாங்க சாமி. காலைப் பத்தரமாப் பாத்துக்கச் சொல்லுங்க."

*

இரண்டாவது உறுப்பினர் நித்யஸ்ரீ. பாதுகாப்பு வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டில் கம்பெனிகள் எப்படிப் பாஸாவது என்று ஆலோசனை சொல்பவர். அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் வீடு. அங்கே லிஃப்டுக்கு இரண்டு கதவு இருந்தது. குமாரசாமி இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

நித்யஸ்ரீ வீட்டு டிவியில் கறுப்பும் இல்லை, வெட்டும் இல்லை. எந்தப் படம் வந்தாலும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துத் திரையை நிரப்பிவிடும். மாமியார் சீரியல் பார்ப்பதற்காக வைத்த அமைப்பு. எப்படி மாற்றுவது என்று மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் வெள்ளகோவிலில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்.

திரையில் செல்லாத்தாள் வந்தாள். குமாரசாமிக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு டிராக்டர் நடப்பதுபோல் நடந்தாள்.

"வெயிட் எவ்வளவு இருப்பாங்க?"

"நாப்பத்திநாலு கிலோங்க மேடம்."

நித்யஸ்ரீ சிரித்தார். "மிஸ்டர் குமாரசாமி, ஒய்ஃப் வெயிட்டை எல்லா ஹஸ்பெண்டும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. இட்ஸ் ஓகே. ஆனா வீடியோ பொய் சொல்லாதுங்க. மினிமம் நூத்தி நாப்பது. தோள்ல அந்த பண்டல், அது ஒரு டபுள் காட் மெத்தை சைஸ் இருக்குது. லிஃப்ட் ஏன் இறங்குச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது."

"மேடம், இது அகலத்துல இழுத்த படமுங்க. துணியையும் இப்படித்தானுங்க, அளவு பத்தலைன்னா மிஷின்ல போட்டு இழுத்துருவாங்க. பாக்கறதுக்கு அகலமா இருக்கும். ஒரு வாஷ் போட்டாத் திரும்பப் பழைய அளவுக்கே வந்துருமுங்க."

"அப்ப வாஷ் போட்டுட்டு எடுத்துட்டு வாங்களேன்" என்றார் நித்யஸ்ரீ, கடிகாரத்தைப் பார்த்தபடி.

குமாரசாமி விடவில்லை. "சரிங்க மேடம். அவ எத்தனை கிலோவா வேணாலும் இருக்கட்டுமுங்க. அந்த வாசல்ல கதவு இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் பாருங்க."

நித்யஸ்ரீ நிறுத்திப் பார்த்தார். வாசல் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திறந்து கிடந்தது.

"கதவு இல்லை. கரெக்ட்" என்றார். குமாரசாமி ஓர் அடி முன்னால் வந்தார். "பட் ஓப்பனிங் பன்னெண்டு அடி இருக்குது. பன்னெண்டு அடிக்கு லிஃப்ட் கதவு எந்த வெண்டரும் பண்றதில்லை. பண்ணவே முடியாத கதவைக் கம்பெனி பண்ணலைன்னு சொல்றது அன்ஃபேர். அது போக, பன்னெண்டு அடி ஓட்டை கண்ணுக்குத் தெரியாம ஒருத்தர் நடந்து போறாங்கன்னா, கவனம் எங்க இருந்துச்சு?"

அறிக்கை எண் இரண்டு: 'அதிக எடை. கவனக் குறைவு. கதவு தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை.'

*

மூன்றாவது உறுப்பினர் செங்கோட்டையன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் குடியிருப்பவர். நேர்மைக்குப் பேர்போனவர் என்று தங்கதுரையே சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கவலை இருந்தது. குமாரசாமிக்கு அதுவே தெம்பாக இருந்தது.

"நான் படத்தை வெட்டவும் மாட்டேன், இழுக்கவும் மாட்டேனுங்க" என்றார் செங்கோட்டையன். "உள்ளது உள்ளபடி பாக்கோணும். ஓட்டுங்க."

ஓடியது. நடுவில் ஒல்லிப் படம், இருபுறமும் கறுப்பு. செல்லாத்தாள் முழுசாக இருந்தாள். தலை முதல் கால் வரை, நாற்பத்து நான்கு கிலோவும் அப்படியே. வாசல் தெரிந்தது. வாசலில் ஒன்றுமில்லாதது தெரிந்தது. அவள் கால் வைத்தாள்.

"அய்யோ!" செங்கோட்டையன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணில் நீர். "பாவி மக்கா, கதவே இல்லையேப்பா!"

குமாரசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு மனிதர் ஓட்டையை ஓட்டை என்று சொன்னார்.

"அதை மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்கய்யா."

"எழுதறேன், எழுதறேன்." பேனாவைத் திறந்தார். எழுதப் போனவர் மறுபடி திரையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பேனாவை மூடினார். "ஆமா, அந்தக் கறுப்புக்குள்ள என்னங்க இருக்குது?"

"அங்க ஒண்ணுமே இல்லீங்கய்யா."

"ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கறுப்பாவல்ல இருக்குது? மூணுல ஒரு பங்கைக் காட்டிப்போட்டு ரெண்டு பங்கை மூடி வெச்சிருக்கறீங்க. கதவு அந்த ரெண்டு பங்குக்குள்ள இருந்திருக்கலாமல்லோ?"

"கதவு வாசல்லதானுங்கய்யா இருக்கோணும். வாசல் நடுவுல தெரியுதுங்களே!"

"கழட்டிப் பக்கத்துல சாத்தி வெச்சிருந்தா? நான் ஒரு பக்கமாப் பேச முடியாதுங்க. கறுப்புக்கும் நியாயம் சொல்லோணுமல்லோ. ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பக்கத்துக் கறுப்பையும் லேப்ல குடுத்து ஷேடு பாத்துட்டு வாங்க. ரெண்டும் ஒரே கறுப்புன்னு சர்டிபிகேட் வந்துச்சுன்னா, உள்ள ஒண்ணுமில்லைன்னு நான் எழுதித் தர்றேன்."

திருப்பூரில் கறுப்பை யாரும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். இடது கரையிலும் வலது கரையிலும் ஒரே கறுப்பாக இருந்தால்தான் துணி பாஸ். குமாரசாமியே ஆயிரம் ரோலை அந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியவர். ஆகவே, அவமானம் என்னவென்றால், செங்கோட்டையன் சொன்னபோது அவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

டிவித் திரையைக் கறுப்போடு சேர்த்துச் செல்போனில் படம் பிடித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாயப்பட்டறை லேபுக்குப் போனார். லேபில் ராஜபாண்டி இருந்தார். மதுரைப் பக்கத்து ஆள். பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, துணியக் கொண்டாந்தா கலரச் சொல்லுவேன். ஒண்ணுமே இல்லாததக் கொண்டாந்து அதுக்குக் கலரு கேக்குறீகளே, வெளங்குமாண்ணே?"

"பாத்துச் சொல்லுங்க தம்பி. ஒரு குடும்பமே அதுல நிக்குது."

ராஜபாண்டி பெருமூச்சு விட்டு, ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தார். மிஷினில் அளந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரின் பிரிண்டரில் மை தீர்ந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. இடது கறுப்பில் கொஞ்சம் நீலம் ஓடியது. வலது கறுப்பில் கொஞ்சம் சிவப்பு.

"மிசினு சொல்றதத்தாண்ணே நான் எழுத முடியும்" என்று தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை எண் மூன்று: 'இரு கறுப்புகளும் ஒரே சாய லாட் அல்ல. ஆகவே வெவ்வேறு நாளில் எடுத்த கறுப்புகள். மறைக்கப்பட்ட பகுதியில் கதவு இருந்திருக்க வாய்ப்புண்டு. சந்தேகத்தின் பலன் கதவுக்கு.'

*

ஒரு தலை உட்கார்ந்தது என்றது முதல் அறிக்கை. நூற்று நாற்பது கிலோ இறங்கியது என்றது இரண்டாவது. கறுப்புக்குள் கதவு இருக்கிறது என்றது மூன்றாவது. மூன்றையும் வைத்துக்கொண்டு குழு ஆன்லைனில் கூடியது. குமாரசாமியை தங்கதுரையின் அறையில் நிற்க வைத்திருந்தார்கள்.

"சார், மேடம், அய்யா" என்று கும்பிட்டார் குமாரசாமி. "இங்கிருந்து எல்லாரும் அரை மணி நேரந்தானுங்க. ஒருக்கா நேர்ல வந்து அந்த வாசலைப் பாத்துருங்க. கதவு இருக்குதா இல்லையான்னு கண்ணுல தெரிஞ்சுருமுங்க."

மூன்று சதுரங்களில் மூன்று முகங்களும் அதிர்ந்தன.

"நாங்க காட்சிச் சான்றுக் குழுங்க" என்றார் மகுடேஸ்வரன் வருத்தத்தோடு. "நேர்ல பாக்கறது காட்சியும் இல்லை, சான்றும் இல்லை. நேர்ல பாத்து முடிவு பண்றதுன்னா கமிட்டி எதுக்குங்க? கண்ணு இருக்கறவன் எவன் வேணாலும் பண்ணிருவானே!"

பிறகு தீர்மானம் நிறைவேறியது. பிழை வீடியோவில்தான். செல்போனைப் படுக்க வைத்துப் பிடித்திருந்தால் வெட்டும் வந்திருக்காது, இழுப்பும் வந்திருக்காது, கறுப்பும் வந்திருக்காது. ஆகவே மேற்படி விபத்தை, அதே நபரை வைத்து, அதே இடத்தில், படுக்கை வாக்கில் மறுபடி எடுக்க வேண்டியது.

"அவ கால்ல கம்பி இருக்குதுங்க" என்றார் குமாரசாமி.

"வேகமா விழுக வேண்டாங்க" என்றார் நித்யஸ்ரீ. "ஸ்லோவா பண்ணாப் போதும்."

*

செல்லாத்தாள் வந்தாள். ஆட்டோவில், வாக்கரோடு. வர வேண்டாம் என்று குமாரசாமி சொல்லிப் பார்த்தார்.

"வாசலைக் காட்டறதுக்கு நான் நிக்காம வேற ஆருங்க நிப்பாங்க?" என்றாள்.

மூன்றாவது மாடிக்கு அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு படியில் தூக்கிப் போனார்கள். கல்யாண வீடியோக்காரர் ஒருவர் கேமராவைப் படுக்கை வாக்கில் ஸ்டாண்டில் மாட்டிக் காத்திருந்தார். பேக்கிங் பெண்கள் எல்லாரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கவிப்பிரியா மட்டும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள்.

செல்லாத்தாள் லிஃப்ட் வாசலைப் பார்த்தாள்.

அங்கே ஒரு கதவு இருந்தது.

இடுப்பளவு இரும்புக் கதவு. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, நான்கு போல்ட்டில் நின்றது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ஷூட்டிங்ன்னா நீட்டா இருக்கோணுமல்லோங்க" என்றார் தங்கதுரை, யாரையும் பார்க்காமல்.

கேமரா ஓடியது. தங்கதுரையின் செல்போனில், ஸ்பீக்கரில், குழு இருந்தது. மூன்று வீட்டு டிவியிலும் படம் நேரலையாக, விளிம்பிலிருந்து விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒரு விரல் அகலக் கறுப்புகூட இல்லை. "ஆகா!" என்று மகுடேஸ்வரனின் குரல் கேட்டது. "இதுதானுங்க வீடியோ. வேஸ்டேஜே இல்லை."

செல்லாத்தாள் வாக்கரை ஊன்றி ஊன்றி வாசல் வரை போனாள். கதவில் முட்டி நின்றாள். திரும்பி, கேமராவைப் பார்த்துக் கேட்டாள்:

"கதவு இருக்குதுங்களே சாமி. நான் எப்படீங்க விழுவேன்?"

"அதைத்தானுங்கம்மா நாங்களும் ஒரு மாசமாக் கேட்டுட்டு இருக்கறோம்!" என்றார் மகுடேஸ்வரன்.

மூன்று உறுப்பினர்களும் வரலாற்றில் முதல் முறையாக ஒருமனதானார்கள். நாலு நிமிடம் ஆயிற்று. உத்தரவு ஏற்கெனவே டைப் அடித்து, நேற்றைய தேதியோடு தங்கதுரையின் மேஜை டிராயரில் இருந்தது. செல்லாத்தாள் வேலைநீக்கம். கூடவே ஒரு பாதுகாப்பு அறிவிப்பு. லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள்: 'விபத்து நேரும்போது செல்போனைப் படுக்கை வாக்கில் பிடிக்கவும்.'

மத்தியானம் கீழே ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். செல்லாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உத்தரவு. அவள் அதைப் படிக்கச் சொல்லவில்லை.

கம்பெனி வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. மாடியிலிருந்து தங்கதுரையும் வெல்டர் ஒருவரும் கதவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் படியில் வெல்டருக்குக் கை நழுவியது.

"குமாரசாமி, ஏனுங்க, ஒரு கை புடிங்களேன்" என்றார் தங்கதுரை.

இருபது வருடப் பழக்கம். குமாரசாமியின் கை தானாகப் போய்ப் பிடித்தது. கனமே இல்லை. தினமும் அவர் ஒற்றை ஆளாகத் தூக்கி மிஷினில் போடும் துணி ரோல் இதைவிடக் கனம்.

"இது எங்கீங்க போகுது?"

"நாலு கட்டடம் தள்ளிங்க. அவங்களுக்கு இன்னைக்கு ஆடிட்டு." தங்கதுரை வேர்வையைத் துடைத்தபடி, மிக இயல்பாக, மிக மரியாதையாகச் சொன்னார். "இந்த வீதிக்கே இந்த ஒரு கதவுதானுங்களே. ரெண்டு மணிக்குள்ள மாட்டோணும். கொஞ்சம் வெரசா ஏத்துங்க."

மேலே மதியச் சாப்பாடு முடிந்த மணி அடித்தது. பேக்கிங் பெண்கள் படியேறும் சத்தம் கேட்டது.

டெம்போவில் ஏறி நின்றுகொண்டு வெல்டர் இழுத்தார். கதவு வரவில்லை.

"விடுங்க குமாரசாமி. அங்க ஆடிட்டர் வந்துட்டாங்களாம்."

அவர் விடவில்லை. செல்லாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒற்றைக் காலில் நின்று, வாக்கரைத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.